அடித்தவன் சட்டை என்ன நிறம்?

2022 டிசம்பர் 27ஆம் தேதி இரவு. ஹனோய் மீ டின் அரங்கில் மலேசியாவும் வியட்நாமும் மோதின. தென்கிழக்காசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின் பிரிவு ஆட்டம் அது. வியட்நாம் முதலில் ஒரு கோல் போட்டுவிட்டது. ஆனால் முதல் பாதியிலேயே அந்த அணியின் நுயென் வான் தொவான் இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறினார். எதிரணியில் பத்துப் பேர்தான் மிச்சம். இனி நம் ஆட்டம்தான் என்று சிலாங்கூரின் சபாக் பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னொரு தே தாரே சொல்லியிருப்பார்கள்.

இரண்டாம் பாதியில் எல்லாம் தலைகீழானது. மலேசிய கோல் பக்கம், கோட்டுக்கு வெளியே, அஸாம் அஸ்மியும் வியட்நாமின் டோவான் வான் ஹாவும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு விழுந்தார்கள். பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. விழுந்த இடத்தில் கால் நீண்டது. ஜப்பானிய நடுவர் ரியூஜி சாத்தோ அஸாமுக்குச் சிவப்பு அட்டையைக் காட்டினார். அதோடு வியட்நாமுக்குப் பெனால்டியும் கொடுத்தார். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. மலேசிய ரசிகர்களின் கோபம் அன்றிரவே சமூக ஊடகங்களில் கொட்டியது. நடுவர், வான் ஹாவ், போட்டி ஏற்பாட்டாளர்கள் என்று யாரும் தப்பவில்லை.

"அவந்தான் மொதல்ல வம்பு பண்ணான், அண்ணே. நம்ம பையன் பாட்டுக்கு இருந்தான் லா."

"பாட்டுக்கு இருந்தவன் கால் எப்படி அங்க போச்சு, தம்பி?"

கடை மேசைகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஓடும். இரண்டு பேரும் பார்த்தது ஒரே படம். ஆனால் தம்பிக்குக் கண்ணில் பட்டது ஒன்று, அண்ணனுக்குப் பட்டது வேறு. ஹனோயில் இருந்த வியட்நாம் ரசிகருக்கு மூன்றாவதாக ஒன்று பட்டிருக்கும்.

கோட்டுக்கு வெளியே நடந்ததற்குப் பெனால்டியா என்பதுதான் அன்று பலரையும் கொதிக்க வைத்தது. விதியில் அதற்கு இடம் இருக்கிறது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது, விளையாட்டின் போக்கில் கோட்டைத் தாண்டிய ஆட்டக்காரர் அங்கே எதிரணிக்காரர் மீது தப்பாட்டம் ஆடினால், அதற்கு மிக அருகில் உள்ள எல்லைக்கோட்டில் ஃப்ரீ கிக் தர வேண்டும். அந்த இடம் அவருடைய சொந்தப் பெனால்டி பகுதியில் வந்தால் பெனால்டி. 2016இல் விதிப் புத்தகத்தைத் திருத்தியபோது இது சேர்க்கப்பட்டது. அஸாம் செய்தது சிவப்பு அட்டைக்குரியதா என்று வாதாடலாம். அந்தப் போட்டியில் காணொளி உதவி நடுவர் இல்லாததால் மறுபடி பார்க்கவும் வழியில்லை. ஆனால் 'உலகத்தில் எங்கும் இல்லாத பெனால்டி' என்ற கூச்சலில் நியாயம் இல்லை.

வான் ஹாவ் மீது மலேசியர்களுக்கு மட்டும்தான் கோபம் என்றில்லை. 2019 டிசம்பரில் மணிலாவில் நடந்த சீ விளையாட்டுக் காற்பந்து இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் இவான் டிமாஸ் அவரிடம் கடுமையாக அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆட்டத்தில் வான் ஹாவ் இரண்டு கோல் போட, வியட்நாம் 3-0 என்று தங்கம் வென்றது. இந்தோனேசிய ரசிகர்கள் அவருடைய சமூக ஊடகப் பக்கங்களில் திட்டித் தீர்த்தார்கள். ஹனோயில் அவர் அன்று செல்லப்பிள்ளை, ஜகார்த்தாவில் முரடன். செய்தது ஒரே செயல்.

இது ஏன் இப்படி? இந்தக் கேள்வியை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், அமெரிக்காவின் இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்த ஒரு முரட்டு ஆட்டத்தை வைத்து.

1951 நவம்பர் 24 அன்று பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. பிரின்ஸ்டனின் நட்சத்திரம் டிக் காஸ்மையர் இரண்டாம் கால்பகுதியில் மூக்கு உடைந்து வெளியேறினார். அடுத்த கால்பகுதியில் டார்ட்மத் ஆட்டக்காரர் ஒருவரின் கால் முறிந்தது. பிரின்ஸ்டன் 13-0 என்று வென்றது. ஆனால் யாரும் வெற்றியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு கல்லூரி மாணவர் இதழ்களும் வாரக்கணக்கில் ஒன்றையொன்று குற்றம் சாட்டின.

டார்ட்மத்தின் ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், பிரின்ஸ்டனின் ஹேட்லி கேன்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள் சேர்ந்து இரண்டு கல்லூரி மாணவர்களையும் விசாரித்தார்கள். முரட்டு ஆட்டத்தை யார் தொடங்கினார்கள் என்று கேட்டதற்கு, பிரின்ஸ்டன் மாணவர்களில் 86 விழுக்காட்டினர் டார்ட்மத்தான் என்றார்கள். டார்ட்மத் மாணவர்களில் 53 விழுக்காட்டினர் இரு தரப்பும்தான் என்றார்கள். பிறகு இரு தரப்புக்கும் ஆட்டத்தின் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, தவறுகளைக் குறிக்கச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணுக்கு டார்ட்மத் சராசரியாக 9.8 தவறுகள் செய்தது. அதே படத்தில் டார்ட்மத் மாணவர்கள் கண்டது 4.3 தவறுகள். பாதிக்கும் குறைவு. 1954இல் வெளிவந்த இந்த ஆய்வில் ஒரு தந்தியும் இடம்பெற்றிருக்கிறது. தொலைவில் இருந்த டார்ட்மத் முன்னாள் மாணவர் ஒருவர் அந்தப் படத்தை வரவழைத்துப் பார்த்தார். தன் அணி செய்ததாகச் சொல்லப்பட்ட முரட்டுத்தனம் அதில் அவருக்குத் தென்படவேயில்லை. முக்கியமான பகுதியை வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது, விடுபட்டதை விமான அஞ்சலில் அனுப்புங்கள் என்று தந்தியடித்தார். படத்தில் எதுவும் வெட்டப்படவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ரசிகர் ஒருவர் 'அது ஃபவுலே இல்லை' என்று சத்தியம் செய்யும்போது பெரும்பாலும் அவர் மனமறிந்து ஏமாற்றுவதில்லை. அவர் கண்ணில் அது உண்மையிலேயே விழவில்லை. உதை விழும் நொடிக்கு முன்பே கண் யாருடைய சட்டையைத் தேடிக்கொண்டிருந்தது என்பதில் எல்லாம் முடிவாகிவிடுகிறது.

கல்லூரிக் கூடைப்பந்தில் இந்தப் பகை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வட கரோலினா மாநிலத்தைக் காட்டுவார்கள். அங்கே டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினா பல்கலைக்கழகமும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நம் கணக்கில் செகிஞ்சானிலிருந்து சுங்கை பெசார் போகும் தூரத்தைவிடக் குறைவுதான். ஒன்று தனியார், மற்றது அரசுப் பல்கலைக்கழகம். இரண்டுக்கும் நீலச்சட்டைதான், ஒன்று அடர்நீலம், மற்றது வெளிர்நீலம். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் நிற்பது அங்கே சாதாரணம்.

2007 மார்ச் 4 அன்று வட கரோலினாவின் சொந்த அரங்கில் ஆட்டம். முடிய 14.5 விநாடிகளே மிச்சம். 86-72 என்று வட கரோலினா முன்னிலை; தோற்றவர், வென்றவர் யார் என்பது தெரிந்துபோன நேரம். வட கரோலினாவின் டைலர் ஹேன்ஸ்பரோ தன் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டு, திரும்பி வந்த பந்தைத் தானே பிடித்து மறுபடி எம்பினார். தடுக்க ஓடிவந்த டியூக்கின் ஜெரால்ட் ஹெண்டர்சன் எம்பியபோது அவருடைய முன்கை ஹேன்ஸ்பரோவின் முகத்தில் இறங்கியது. மூக்கு உடைந்தது. தரையில் கிடந்தவர் எழுந்தபோது முகம் முழுக்க ரத்தம். அவர் பாய, தோழர்கள் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள். அந்த ரத்த முகத்தின் புகைப்படம் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

ஹெண்டர்சன் உடனே வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆட்டத்திலும் ஆட முடியாது என்ற தண்டனை தானாகவே வந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, பந்தைத்தான் தட்டப் போனேன் என்றார் அவர். டியூக் ரசிகர்கள் அதை அப்படியே நம்பினார்கள். வேகமாக ஓடிவந்தவர் காற்றில் திரும்ப முடியுமா என்று கேட்டார்கள். எதிர்த்தரப்புக்கு அது திட்டமிட்ட அடி. டியூக் பயிற்றுநர் மைக் ஷஷெவ்ஸ்கி, முடிந்துபோன ஆட்டத்தில் முன்னணி ஆட்டக்காரர்கள் இன்னும் ஏன் களத்தில் இருந்தார்கள் என்ற பொருளில் பேசியது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது. மூக்கு உடைந்தது எங்கள் பையனுக்கு, குற்றமும் எங்கள் மீதா என்று வட கரோலினா ரசிகர்கள் கொதித்தார்கள். ஹேன்ஸ்பரோ முகமூடி அணிந்து அடுத்த ஆட்டங்களில் இறங்கினார். ஹெண்டர்சன் இல்லாமல் ஆடிய டியூக், மண்டலப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றது.

கூடைப்பந்தில் உடல்கள் உரசாமல் ஆட முடியாது என்பதால் எது சாதாரணத் தவறு, எது கடுமையான தவறு என்று பிரிப்பது நடுவருக்குக் கடினம். அமெரிக்கக் கல்லூரி விதிகளில் கடுமையான ஃபவுலுக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்களும் பந்தும் கிடைக்கும். இரண்டாம் நிலை என்றால் ஆட்டக்காரரே வெளியே. மலேசியாவில் பின்பற்றும் அனைத்துலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதியிலும் இதற்கு ஒத்த பிரிவு உண்டு. கண்ணியமற்ற ஃபவுலை ஒருவர் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை செய்தால் வெளியேற வேண்டும். நடுவர் பார்க்க வேண்டியது அடி எங்கே விழுந்தது, எவ்வளவு வேகம், பந்தை ஆடும் முயற்சி இருந்ததா என்பவைதான். ரசிகர் பார்ப்பது மனதை. அவன் நெஞ்சில் என்ன இருந்தது என்பதற்குத் தீர்ப்பு எழுதுகிறார். அதனால்தான் நடுவரின் தீர்ப்பு அன்றோடு முடிகிறது, ரசிகரின் தீர்ப்பு முடிவதில்லை.

கெண்டக்கி மாநிலத்தில் கிறிஸ்டியன் லேட்னர் என்ற பெயரைச் சொன்னால் இது விளங்கும். 1992 மார்ச் 28 அன்று பிலடெல்பியாவில் நடந்த டியூக்-கெண்டக்கி ஆட்டத்தில், தரையில் விழுந்து கிடந்த கெண்டக்கி மாணவர் அமினு டிம்பர்லேக்கின் மார்பில் லேட்னர் காலை வைத்து மிதித்தார். நடுவர் டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்ததோடு விட்டுவிட்டார். மிதிபட்ட டிம்பர்லேக் சிரித்துக்கொண்டே கைதட்டி எழுந்தார். தன் அணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைத்ததே என்ற மகிழ்ச்சி. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசி 2.1 விநாடி இருக்கும்போது திடலின் பெரும்பகுதியைத் தாண்டி வந்த பந்தைப் பிடித்து லேட்னர் எறிந்ததில் டியூக் 104-103 என்று வென்றது. அன்று அவர் எறிந்த பத்துக் கூடைகளும் பத்து ஃப்ரீ த்ரோக்களும் ஒன்றுகூடத் தவறவில்லை. டியூக் ரசிகர்களுக்கு அது காலத்தால் அழியாத ஆட்டம். கெண்டக்கி ரசிகர்களுக்கு, அப்போதே வெளியேற்றப்பட்டிருக்க வேண்டிய ஒருவன் தங்கள் வெற்றியைத் தட்டிப் பறித்த ஆட்டம். அவர் மீதான வெறுப்பை மட்டுமே வைத்து 2015இல் ஈஎஸ்பிஎன் ஒரு முழு ஆவணப்படம் எடுத்தது. மிதிபட்டவரே சிரித்து மறந்ததை அவருக்காக இருபது ஆண்டுக்கு மேல் சுமந்தவர்கள் ஏராளம்.

நம் பக்கத்தில் கூடைப்பந்து சீனப்பள்ளிகளின் வளாகத்தில் வளர்ந்தது. செகிஞ்சான், சுங்கை பெசார் பக்கம் மாலை நேரத்தில் பந்து தரையில் மோதும் ஓசை அங்கிருந்துதான் வரும். தோட்டத்துத் தமிழருக்குக் காற்பந்துதான். கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங், சபாக் என்று ரப்பரும் தென்னையும் செம்பனையும் நின்ற தோட்டங்களில், லயத்துக்கும் கோவிலுக்கும் பக்கத்திலேயே ஒரு திடல் இருக்கும். பால்வெட்டு முடிந்து, பெரட்டுக் கவலை இல்லாத சாயங்காலத்தில், அங்கே பந்து உருளும்.

தோட்டத்து ஆட்டத்துக்கு ரசிகர் மேடை கிடையாது. கோட்டை ஒட்டி வரிசையாக நிற்பார்கள்; சிலர் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஆட்டக்காரன் உதைபட்டு உருண்டால் பார்ப்பவர்களின் காலடியில்தான் வந்து விழுவான். அங்கே அவனுடைய சித்தப்பா நிற்பார், பெரியம்மா நிற்பார். உதைத்தவனும் அந்நியன் இல்லை. பெண் கொடுத்த தோட்டத்துப் பையனாகவோ, எடுத்த தோட்டத்துப் பையனாகவோ இருப்பான். 'ரெஃபரி காயு!' என்ற கூச்சல் திடலைச் சுற்றி எழும்பும். மலேசியாவில் நடுவர் மீது கோபம் வந்தால் இனம் பார்க்காமல் எல்லார் வாயிலும் வரும் சொல் அது. சிலர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைப்பார்கள். இதற்கிடையில் தோட்டத்து டிரெசர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, முழங்காலில் மருந்தடித்துக் கட்டுப்போட்டு, 'ஒன்னும் இல்லப்பா, எந்திரி' என்பார். விழுந்தவன் நொண்டியபடி எழுந்தால் பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும். மிச்சப் பாதி அடுத்த கல்யாண வீட்டுப் பந்தியில் கிளம்பும். சொந்தத்துக்குள் இருந்த பகை என்பதால் பேசித் தீர்க்கவும் ஆட்கள் இருந்தார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு அந்தத் திடல்களில் பல இன்று இல்லை. ரசிகர்கள் இருக்கிறார்கள், கையில் இருக்கும் கைப்பேசியில் உதையை நூறு முறை திருப்பிப் பார்க்கிறார்கள். அருகில் நின்று, விழுந்தவனின் முகத்தைப் பார்த்துச் சமாதானமாகும் வாய்ப்புதான் போய்விட்டது. இந்த இழப்பு பெரியது என்றே இக்கட்டுரை கருதுகிறது.

கூட்டத்தின் சத்தம் நடுவரையும் விடுவதில்லை. 2002இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், 40 நடுவர்களுக்கு லிவர்பூல்-லெஸ்டர் ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் ரசிகர் கூச்சலோடு பார்த்தார்கள், மற்றவர்கள் ஓசையே இல்லாமல். கூச்சலைக் கேட்டவர்கள் சொந்த ஊர் அணியான லிவர்பூலுக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 விழுக்காடு குறைவு. கோவிட் காலத்தில் வெற்று அரங்குகளில் ஐரோப்பிய ஆட்டங்கள் நடந்தபோது, வெளியூர் அணிகள் வாங்கிய மஞ்சள் அட்டைகள் குறைந்தன. ஹனோயில் நடுவர் மீது சந்தேகப்பட்டவர்கள் புக்கிட் ஜாலிலில் நம் கூச்சலும் இதே வேலையைச் செய்கிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நினைத்துப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. 2010 டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில், நம் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி தென்கிழக்காசியக் கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றது. தமிழர்கள் தலைநிமிர்ந்த நாள் அது. ஆனால் ரசிகர் கூட்டத்திலிருந்து பாய்ந்த லேசர் ஒளியால் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேற, ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. 2014 டிசம்பர் 7 அன்று நம் சிலாங்கூரிலேயே, ஷா ஆலாம் அரங்கில், அதே கிண்ணப் போட்டியில் வியட்நாமிடம் 2-1 என்று தோற்ற பிறகு மலேசிய ரசிகர்களில் சிலர் வியட்நாம் ரசிகர்கள் இருந்த பகுதிக்குள் புகுந்து அடித்தார்கள். ரத்தம் வழிந்த முகத்தோடு விருந்தாளிகள் வெளியேறினார்கள். அப்போதைய விளையாட்டுத்துறை அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். நான்கு நாள் கழித்து அதே அணியை அதன் சொந்த மண்ணில் மலேசியா 4-2 என்று வீழ்த்தி இறுதிக்குப் போனது. அந்த அருமையான வெற்றியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஷா ஆலாம் இரவும் கூடவே வருகிறது. அடிபட்டவர்கள் டிக்கெட் வாங்கி ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

விழுந்தவனுக்குக் கை கொடுப்பதிலும் சட்டையின் நிறம் புகுந்துவிடுகிறது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்க் லெவினும் அவருடைய குழுவினரும் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதைக் காட்டியது. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களை அழைத்து, தங்கள் அணி மீதான பற்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பிறகு அடுத்த கட்டடத்துக்கு நடக்கச் சொன்னார்கள். வழியில் ஓடிவந்த ஒருவர் சறுக்கி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். அவர் நடிகர். யுனைடெட் சட்டை போட்டிருந்தபோது 13 பேரில் 12 பேர் உதவிக்குப் போனார்கள். லிவர்பூல் சட்டை போட்டிருந்தபோது 10 பேரில் 3 பேர் மட்டும். எந்த அணியும் இல்லாத சட்டை என்றால் 12 பேரில் 4 பேர். நம் ஊரிலும் யுனைடெட், லிவர்பூல் என்று பிரிந்து பந்தயம் கட்டும் வீடுகள் ஏராளம் என்பதால், இந்த எண்களைப் படிக்கும்போது அடுத்த வீட்டு முகங்களே நினைவுக்கு வரும்.

அதே குழு இரண்டாவது முறை ஒரே ஒரு மாற்றத்தோடு சோதனையை நடத்தியது. இந்த முறை யுனைடெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. காற்பந்து ரசிகராக இருப்பதில் என்ன நல்லது, ரசிகர்களுக்குள் பொதுவாக இருப்பது என்ன என்று எழுதச் சொன்னார்கள். அப்புறம் லிவர்பூல் சட்டைக்காரர் விழுந்தபோது 10 பேரில் 7 பேர் நின்று உதவினார்கள். யுனைடெட் சட்டைக்கு 10 பேரில் 8.

முன்னதாகக் கேட்ட கேள்வி மாறியதும் பகைச்சட்டை போட்டவர் உதவிக்குரியவர் ஆனார். கோவில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் காற்பந்துப் போட்டி நடத்தும் சபாக் வட்டார இளைஞர் மன்றங்களுக்கு இதில் கைக்கெட்டிய வேலை ஒன்று இருக்கிறது. திடலோரத்தில் ஒலிபெருக்கி பிடித்திருப்பவர், கடுமையான ஃபவுல் விழுந்த கணத்தில் நடுவரைக் குறை சொல்லாமல், விழுந்த ஆட்டக்காரரின் பெயரையும் அவர் எந்த ஊர்ப் பிள்ளை என்பதையும் சொல்லி, முதலுதவிக்காரருக்கு வழிவிடச் சொல்லலாம். இரண்டு அணிகளின் ரசிகர்களையும் வேலி போட்டுப் பிரிப்பதைவிட இதற்குச் செலவு குறைவு. அடுத்த போட்டியிலேயே செய்து பார்க்க முடியும்.